கோரஸா, ஃபிளாஞ்சரா? போஸ்ட்-பங்க் கிட்டாருக்கு முதலில் வாங்க வேண்டிய பெடல்

போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின் வந்த இசை) ஒலியைத் தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு கோரஸ் பெடலை, அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கி) நடுவே மாட்டி, காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டியை, வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் ஒலி அழகாகத்தான் இருக்கும், ஆனால் தேடிப்போன ஒலியாக இருக்காது. பனி படர்ந்த, கொஞ்சம் தகரம் கலந்த, எங்கேயோ குழாய்க்குள்ளிருந்து வருகிற கிட்டார் ஒலிக்குப் பதிலாக, மினுமினுப்பான, கனிவான ஒன்று வரும்.

காரணம் எளிது. 1978 முதல் 1982 வரை இங்கிலாந்தில் உருவான அந்த இசையில், நாம் இன்று கோரஸ் என்று நினைத்துக் கேட்பதில் நிறைய இடங்களில் வேலை செய்வது ஃபிளாஞ்சர். பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் கீத் லெவீன் பயன்படுத்தியது எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் என்ற ஃபிளாஞ்சர். சூசி அண்ட் த பான்ஷீஸில் வாசித்த ஜான் மெகாக்கின் அடையாளமே எம்எக்ஸ்ஆர் ஃபிளாஞ்சர்தான். த க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித்தோடு சேர்த்துப் பேசப்படும் பெடல் பாஸ் நிறுவனத்தின் பிஎஃப்-2. (இந்தக் கட்டுரையில் பாஸ் என்றால் ஜப்பானிய நிறுவனம், பேஸ் என்றால் தடித்த கம்பிகள் கொண்ட கிட்டார். தமிழில் எழுதும்போது இந்த இரண்டும் படுத்தும் பாடு தனி.)

ஒரே ஒரு பெடலுக்குத்தான் கையில் காசு என்றால் ஃபிளாஞ்சரை வாங்குங்கள். விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்குப் போகும் முன் இரண்டுக்குமான வேறுபாட்டைப் பார்த்துவிடலாம். அது புரியாமல் வாங்கினால் மறுபடி விற்க வேண்டிவரும்.

இரண்டு பெடலும் செய்வது அடிப்படையில் ஒரே வேலை. வரும் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதைச் சில மில்லி நொடிகள் தாமதித்து, அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்து ஆட்டி, மறுபடி இரண்டையும் கலக்கின்றன. பழைய பெடல்களில் தாமதத்தை உண்டாக்குவது பிபிடி எனப்படும் சிப். தீயணைக்க ஆட்கள் வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவது போல, சிக்னலைப் படிப்படியாகக் கைமாற்றும். 1024 படிகள் கொண்ட சிப்பை 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டினால் தாமதம் 5.12 மில்லி நொடி. 500 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் ஏறக்குறைய 1 மில்லி நொடி.

தாமதித்த சிக்னல் நேர்சிக்னலோடு சேரும்போது சில அலைவெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாமதம் 1 மில்லி நொடி என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். சீப்பின் பற்களைப் போல இடைவெளி விட்டு நிற்கும் இந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகரும்போது, காதுக்கு அது நிறம் மாறுவதாகக் கேட்கிறது. தாமதம் 5 மில்லி நொடிக்குப் போனால் பள்ளங்கள் 100, 300, 500, 700 என்று நெருங்கிவிடும். அப்போது காது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. சற்றே சுருதி விலகிய இன்னொரு கிட்டார் கூடவே வாசிப்பதாகத்தான் கேட்கும். முதலாவது ஃபிளாஞ்சர், இரண்டாவது கோரஸ்.

ஃபிளாஞ்சரில் இன்னொன்றும் உண்டு. வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஃபீட்பேக். பெடலைப் பொறுத்து ரெஸ், ரீஜென், கலர் என்று பெயர் மாறும். இதைக் கூட்டக் கூட்டப் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகள் கூர்மையாகி, ஒலி உலோகக் குழாயாகும்.

ஃபிளாஞ்சரை முதலில் வாங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். நான்கு நாப் உள்ள ஃபிளாஞ்சரில் ஃபீட்பேக்கைச் சுழியாக்கித் தாமதத்தை நீட்டினால் ஓரளவு கோரஸ் கிடைத்துவிடும். உண்மையான கோரஸ் பெடலின் தடிப்பு அதில் வராது, கொஞ்சம் மெலிந்துதான் ஒலிக்கும். ஆனால் ஒரு கோரஸ் பெடலிலிருந்து ஃபிளாஞ்சர் ஒலியை எப்படித் திருகினாலும் எடுக்க முடியாது. வழக்கமான கோரஸில் ஃபீட்பேக் நாப் இல்லை, தாமதமும் அவ்வளவு குறுகாது.

எந்த ஃபிளாஞ்சர்

பாஸ் பிஎஃப்-2 1980-இல் வந்தது. இப்போது உற்பத்தியில் இல்லை, பழையதாகத்தான் கிடைக்கும். மேனுவல் (பள்ளங்களின் இடம்), டெப்த் (ஆட்டத்தின் அளவு), ரேட் (ஆட்டத்தின் வேகம்), ரெஸ் (ஃபீட்பேக்) என்று நான்கு நாப். நாப்பின் நிலையைக் கடிகார முள்ளாகச் சொல்கிறேன். போஸ்ட்-பங்குக்குத் தொடங்கும் நிலை: மேனுவல் 12 மணி, டெப்த் 12 மணி, ரேட் 9 மணி, ரெஸ் 9 மணி. கடையில் முதல்முறை மிதிக்கிறவர்கள் எல்லாரும் ரெஸ்ஸை முழுக்கத் திருகி, ஜெட் விமானம் இறங்குகிற ஓசையைக் கேட்டுவிட்டு, "இது நமக்கு ஆகாது" என்று வைத்துவிடுவார்கள். ரெஸ் 10 மணியைத் தாண்டாமல் இருந்தால் அந்த விமானம் இறங்காது, ஈரமான பளபளப்பு மட்டும் தங்கும். கோரஸ் போல வேண்டுமென்றால் ரெஸ்ஸைச் சுழியாக்கி, எந்தப் பக்கம் திருப்பினால் தகர ஒலி தணிகிறதோ அந்தப் பக்கம் மேனுவலைக் கொண்டுபோய், ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ரேட்டைக் கடிகார முள்ளாக வைப்பதைவிடப் பாட்டின் வேகத்தோடு பொருத்திப் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 150 தட்டு ஓடும் பாட்டில் நான்கு தட்டுள்ள ஒரு பார் 1.6 நொடி, நான்கு பார் 6.4 நொடி. ஃபிளாஞ்சரின் ஒரு முழுச் சுற்று அந்த 6 நொடியை ஒட்டி இருந்தால் கீழ்நோக்கியே அடிக்கும் எட்டாம் பங்கு ஸ்வரங்களின் மேல் நிறம் மெதுவாக ஏறி இறங்கும். சுற்று 1 நொடிக்குள் வந்துவிட்டால் அது தண்ணீருக்கடியில் வாசிப்பதாகிவிடும்.

இனி எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ். 1976-இல் வந்த பெடல். ரேட், ரேஞ்ச், கலர் என்று மூன்று நாப், அவற்றோடு ஃபில்டர் மேட்ரிக்ஸ் என்ற ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்சுக்காகவே இதை வாங்கலாம். அதைப் போட்டால் ஆட்டம் நின்றுவிடும். சீப்பின் பற்கள் ஓரிடத்தில் உறைந்து நிற்கும், ரேஞ்ச் நாப்பால் அவற்றை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். கிட்டார் ஆடாது, அசையாது, ஆனால் நடுவில் குடைந்தெடுத்தது போல ஒலிக்கும். கண்ணாடித் துண்டு போன்ற அந்தக் கூர்மையான, ஈரமற்ற போஸ்ட்-பங்க் ஒலிக்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. ஒரு இரகசியம்: இதை பிஎஃப்-2-இலும் செய்யலாம். டெப்த்தைச் சுழியாக்கிவிட்டு மேனுவலைக் கையால் நகர்த்தி, காதுக்குப் பிடித்த இடத்தில் விட்டுவிடுங்கள். ரெஸ் 11 மணி வரை போகலாம், ஏனென்றால் ஆட்டம் இல்லாதபோது ஃபீட்பேக் எரிச்சலூட்டாது.

பழைய மிஸ்ட்ரஸ்களின் குறை இரைச்சல். மிதித்தால் ஒலியளவு சற்றுக் குறைந்ததாகவும் தோன்றும். இப்போது சிறிய பெட்டியில் வரும் ஸ்டீரியோ எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் உள்ளே டிஜிட்டல். ரேட், ஃபிளாஞ்சர் டெப்த், கோரஸ் டெப்த் என்று மூன்று நாப் மட்டும், கலர் கிடையாது. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். ஆனால் இரண்டு விளைவையும் ஒரே பெட்டியில் கலந்து தருவதால் கைச்செலவு குறைவாக வைக்க விரும்புகிறவர்களுக்கு இது மோசமில்லை. மூவர் (Mooer) நிறுவனத்தின் ஈ-லேடி, மிஸ்ட்ரஸைப் பார்த்துச் செய்த மினி பெடல். ஃபில்டர் நிலை அதிலும் இருக்கிறது. விலைக்கு இதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. நாப்கள் மட்டும் பொடிசு, மேடையில் காலால் திருப்ப முடியாது.

எம்எக்ஸ்ஆர் எம்117ஆர் தடித்த பெட்டி. மேனுவல், விட்த், ஸ்பீட், ரீஜென் என்று நான்கு நாப். மெகாக்கின் சுழலும் ஆர்பெஜியோ (சேர்ந்த ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) ஒலிக்கு மிக அருகில் போவது இதுதான், பிஎஃப்-2-ஐ விட அகலமாகச் சுழலும். ஆனால் இதற்கு 18 வோல்ட் வேண்டும். அதே நிறுவனத்தின் மைக்ரோ ஃபிளாஞ்சர் 9 வோல்ட்டில் ஓடும், இடமும் அடைக்காது. ஆனால் ஸ்பீட், ரீஜென் இரண்டே நாப், மேனுவல் கிடையாது. பற்களை ஓரிடத்தில் நிறுத்தும் வசதி போய்விட்டால் இந்த இசைக்கு ஃபிளாஞ்சரின் பாதி பயன் போய்விட்டது. என் கணக்கில் மேனுவல் அல்லது ஃபில்டர் நிலை இல்லாத ஃபிளாஞ்சர் பட்டியலிலேயே வராது.

பாஸ் பிஎஃப்-3 டிஜிட்டல், ஸ்டீரியோ, பேஸுக்குத் தனி உள்ளீடு. ஸ்டாண்டர்ட் நிலையில் வைத்தால் சுத்தமாக வேலை செய்யும். பிஎஃப்-2-இன் மங்கல் இல்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. குழுவோடு சேர்ந்து வாசிக்கும்போது அந்த வேறுபாடு அவ்வளவாகக் கேட்காது. பழைய பெடலின் தலைவலி வேண்டாம் என்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

கோரஸ் முந்தும் இடங்கள்

நீங்கள் வாசிப்பது பேஸ் என்றால் மேலே சொன்னதையெல்லாம் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள், முதலில் கோரஸ். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் பீட்டர் ஹுக் பயன்படுத்தியது எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் க்ளோன் தியரி கோரஸ். ஆனால் அவர் கழுத்தின் மேல்பகுதியில், மெல்லிய கம்பிகளில் ராகமாக வாசித்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பேஸின் டி கம்பியில் 12-ஆம் ஃப்ரெட் 147 ஹெர்ட்ஸ், ஜி கம்பியில் 196 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தில் கிட்டாருக்கான கோரஸே போதும். அதே பெடலைப் போட்டுக்கொண்டு அடிக் கம்பிகளில் வாசித்தால், முன்பு பார்த்த 100 ஹெர்ட்ஸ் பள்ளம் நேராக ஒலியின் இடுப்பில் விழுந்து, டிரம்மோடு சேரும்போது பேஸ் காணாமல் போகும். கீழ் ஸ்வரங்களையும் வாசிக்கிறவர்கள் அடிப்பகுதியை ஆட்டாமல் விடும் பெடலாகப் பாருங்கள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பேஸ் க்ளோனில் அதற்கு எக்ஸ்-ஓவர் சுவிட்ச் உண்டு, பாஸ் சிஇபி-3-இல் லோ ஃபில்டர் நாப் உண்டு.

கிட்டாருக்கான கோரஸில் ஒப்பிட வேண்டியவை உண்மையில் மூன்றுதான். பாஸ் சிஇ-2 1979-இல் வந்தது, ரேட், டெப்த் இரண்டே நாப். பழையதன் விலை ஏறிவிட்டதால் 2016-இல் வந்த சிஇ-2டபிள்யூ தான் புத்திசாலித்தனம். அதில் 1976-இன் சிஇ-1 ஒலியும் ஸ்டீரியோவும் சேர்ந்தே வருகின்றன. ரேட் 9 மணி, டெப்த் 1 மணி என்று தொடங்குங்கள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் ஸ்மால் க்ளோன் இன்னும் ஆழமானது, கருமையானது. டெப்த்துக்கு நாப் இல்லை, இரண்டு நிலைச் சுவிட்ச்தான். கீழ் நிலையில் வைத்தால்தான் இந்த இசைக்குப் பொருந்தும். மேல் நிலை 90-களின் அமெரிக்க கிரஞ்சுக்குப் போய்விடும். எம்எக்ஸ்ஆர் எம்234-இல் ரேட், டெப்த், லெவலோடு லோ, ஹை என்று இரண்டு நாப் கூடுதல். பளபளப்பு அதிகமானால் ஹையைக் குறைத்துக்கொள்ளலாம். ட்ரெபிள் கத்துகிற சின்ன ஆம்ப் வைத்திருக்கிறவர்களுக்கு இதுவே சரி.

கோரஸ் போட்டதும் கார்டுகள் (ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் ஸ்வரங்கள்) சுருதி தப்பியது போல ஒலிக்கிறதென்றால் பெடல் கெட்டுவிடவில்லை. சுருதி எவ்வளவு விலகும் என்பது தாமதம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது, அதாவது ரேட்டும் டெப்த்தும் சேர்ந்து. ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்க வேண்டும். இரண்டையும் 2 மணியில் வைத்துவிட்டு டியூனரைத் திட்டுவதில் பயனில்லை.

இன்னொரு விதிவிலக்கு ஆம்ப். ரோலண்ட் ஜேசி-120 போன்ற ஜாஸ் கோரஸ் ஆம்ப் உங்களிடமோ ஒத்திகை அறையிலோ இருந்தால் கோரஸ் பெடலே வேண்டாம், நேராக ஃபிளாஞ்சருக்குப் போங்கள். 1975-இல் வந்த அந்த ஆம்பில் 60 வாட் வீதம் இரண்டு பவர் ஆம்ப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். கோரஸ் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேர்சிக்னல், மற்றதில் ஆடும் சிக்னல். இரண்டும் அறைக் காற்றில்தான் கலக்கின்றன. ரெக்கார்டிங்கில் இது ஆளைக் கவிழ்க்கும். ஒரே ஒரு மைக்கை ஒரு ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தால், ஒன்று கோரஸே இல்லாத கிட்டார் பதிவாகும், அல்லது வெறும் நடுக்கம் மட்டும் பதிவாகும். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஆளுக்கொரு மைக் வையுங்கள், அல்லது ஒரே மைக்கை இரண்டுக்கும் நடுவில் தள்ளி வையுங்கள்.

பெடலுக்கு முன்னும் பின்னும்

ஃபிளாஞ்சர் பள்ளம் தோண்ட வேண்டுமானால் தோண்ட மண் இருக்க வேண்டும். நெக் பக்க ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்), பழைய கம்பி, டோன் நாப் பாதி என்று வாசித்தால் மேல் அலைவெண்களே இருக்காது, பெடல் போட்டும் ஒன்றும் கேட்காது. பிரிட்ஜ் பக்க சிங்கிள்-காயில் பிக்கப், புதுக் கம்பி, கொஞ்சம் கெட்டியான பிக். பெடலைக் குறை சொல்லும் முன் இவற்றை மாற்றிப் பாருங்கள்.

வரிசை: ஓவர்டிரைவ் (ஒலியைக் கரடுமுரடாக்குவது), பிறகு ஃபிளாஞ்சர், கோரஸ், டிலே (எதிரொலி), கடைசியில் ரிவெர்ப் (அறை முழக்கம்). ஃபிளாஞ்சரை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் சுழற்சி அமுங்கி மென்மையாகும், அதுவும் சில பாட்டுக்கு நன்றாகவே இருக்கும். கோரஸும் ஃபிளாஞ்சரும் சேர்ந்து ஓடும்போது ஒன்று ஆடட்டும், மற்றது நிற்கட்டும். அதாவது ஃபிளாஞ்சரை ஃபில்டர் நிலையில் உறையவைத்து அதன்மேல் மெல்லிய கோரஸ். இரண்டும் தன்போக்கில் ஆடினால் கிட்டார் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

பதிவு செய்யும்போது இன்னொரு சிக்கல் வரும். பெரும்பாலான பெடல்களின் சுற்று பாட்டைப் பார்த்துத் தொடங்குவதில்லை, அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு பாரை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டினால், ஒட்டிய இடத்தில் நிறம் தாவுவது பளிச்சென்று கேட்கும். பெடல் இல்லாமல் நேர்சிக்னலைப் பதிந்துவிட்டு, திருத்தமெல்லாம் முடிந்தபின் மொத்தத்தையும் ஒரே ஓட்டமாகப் பெடல் வழியாக அனுப்புங்கள்.

மின்சாரத்தில்தான் அதிகம் பெடல்கள் சாகின்றன. எம்117ஆருக்கான 18 வோல்ட் பிளக் பார்க்க 9 வோல்ட் பிளக் மாதிரியே இருக்கும். தவறி அதை 9 வோல்ட் கோரஸில் செருகினால் பிபிடி சிப் போய்விடக்கூடும். அந்த வயரில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள். இரண்டு பிபிடி பெடல்களை ஒரே அடாப்டரிலிருந்து பிரித்துக் கொடுத்தால், இரண்டின் சிப்பையும் ஓட்டும் கிளாக்குகள் ஒன்றோடொன்று உரசி மெல்லிய விசில் சத்தம் வரலாம். பெடலை மாற்ற வேண்டாம், தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை வாங்கினால் போதும்.

பழைய பாஸ் பெடலின் அடியில் ஏசிஏ அடாப்டர் என்று எழுதியிருந்தால், இன்றைய 9 வோல்ட்டில் அதன் விளக்கு மங்கலாக எரியும், விளைவும் சோர்ந்திருக்கும். உள்ளேயுள்ள ரெசிஸ்டரும் டையோடும் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிவிடுவதுதான் காரணம். அதற்கு 12 வோல்ட் கொடுக்க வேண்டும். பிஎஸ்ஏ என்று எழுதியிருந்தால் 9 வோல்ட் மட்டும், 12 கூடாது. விற்கிறவர் "பழசு, அதனால்தான் மங்கல்" என்று சொன்னால், புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரியில் விளக்கு பிரகாசமாக எரிந்தால் பெடலில் கோளாறில்லை.

பழையதை வாங்கும்போது கையோடு செய்ய வேண்டிய சோதனை: டெப்த் முழுக்க, ரேட் மிகக் குறைவு, ரெஸ் பாதி. ஒரு கார்டை அடித்து நீளவிட்டு இரண்டு சுற்று கேளுங்கள். சுற்றின் ஒரு முனையில் மட்டும் கரகரப்பு வந்தாலோ ஒலி அறுந்தாலோ உள்ளேயுள்ள பயாஸ் டிரிம்மர் (சிப்பின் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் சின்னத் திருகு) நகர்ந்திருக்கலாம், தெரிந்தவர் கையில் சரியாகிவிடும். விளைவே இல்லாமல் நேர்சிக்னல் மட்டும் வந்தால் பிபிடி போயிருக்க வாய்ப்பு உண்டு. எம்என்3007 (பழைய பிபிடி சிப் ஒன்றின் பெயர்) என்று அச்சடித்துப் போலிச் சிப் விற்பவர்கள் இருப்பதால், அந்தப் பெடலைச் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பி முழு விலை கொடுக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வரும் பழைய எம்எக்ஸ்ஆர் ஃபிளாஞ்சரும் டீலக்ஸ் மிஸ்ட்ரஸும் சுவர் மின்சாரத்தில் நேரடியாக ஓடுபவை. அவை அந்த ஊரின் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் செருகும் முன் இடையில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கட்டும்.